வீட்டில் சிறு நெசவுக்கூடம் அமைத்தலும் சாய்வு நெசவைப் பழகுதலும்



நெசவு அலகைப் பலர் மனனஞ் செய்து வருகிறார்கள். "பாவு என்றால் என்ன, ஊடு என்றால் என்ன?" எனக் கேட்டால் உடனே எழுதிவிடுவார்கள். "20 ச.மீ. அகலமான துணிக்கு எத்தனை பாவு நூல் வேண்டும்? காரணம் தருக" எனக் கேட்டால் பேனை நின்றுவிடும். புள்ளிகள் குறைவது பெரும்பாலும் இந்த இடத்திலேதான்.

நெசவு கையால் செய்யும் தொழில் மட்டுமன்று. எண்ணிச் செய்யும் தொழில். நூலை எண்ண வேண்டும். வரியை எண்ண வேண்டும். செலவிட்ட மணித்தியாலங்களையும் எண்ண வேண்டும். இந்த மூன்றையும் எண்ணப் பழகியவருக்கு வினாத்தாளிலும் தடையில்லை, பின்னர் இதையே ஒரு சிறு வருமானமாக்க நினைத்தாலும் நட்டமில்லை. பாடத்தை வாசித்துக்கொண்டு போகும்போதே பென்சிலையும் வரைபுத்தாளையும் அருகில் வைத்திருங்கள்.

இப்பாடத்தின் முடிவில் நீங்கள்,

- வீட்டில் நெசவு செய்யப் பொருத்தமான இடத்தைக் காரணங்களுடன் தெரிவு செய்வீர்கள்.
- சட்டத்தறி ஒன்றைச் செய்து பாவு ஓட்டுவீர்கள்.
- தேவையான நூலின் அளவைக் கணிப்பீர்கள்.
- வெற்று நெசவையும் சாய்வு நெசவையும் வேறுபடுத்தி நெய்து காட்டுவீர்கள்.
- முடிந்த துணியின் உற்பத்திச் செலவைக் கணிப்பீர்கள்.

1. நமது நாட்டில் நெசவு

கிழக்கு மாகாணத்தில் மருதமுனையும் காத்தான்குடியும் கைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர்கள். மருதமுனைச் சாரம் பல மாவட்டங்களிலும் விற்பனையாவது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை மருதமுனைக் கரையைக் கடுமையாகத் தாக்கியது. அதன் பின்னரும் அங்கு கைத்தறி தொடர்கிறது.

யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் கிடைத்த சாயவேரிலிருந்து துணிகளுக்குச் செந்நிறம் பெறப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில் சாயவேர் அரசுக்கு வருமானம் தந்த பொருள்களுள் ஒன்று.

மத்திய மலைநாட்டின் தும்பறைப் பகுதியில் ஹண எனப்படும் கற்றாழை வகை நாரினால் உருவங்களுடன் பாய் நெய்யப்படுகிறது. இந்தத் தும்பறைப் பாய்க் கைப்பணி 2021 ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் புலனாகாப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

கைத்தறித் துணிக்குப் புதிய வண்ணச் சேர்க்கைகளைக் கொண்டுவந்தவர்களுள் பார்பரா சன்சோனி (1928 - 2022) குறிப்பிடத்தக்கவர். அவர் 1964 இல் பெயார்ஃபுட் நிறுவனத்தைத் தொடங்கினார்.

2. அறிந்திருக்க வேண்டிய சொற்கள்

பாவு: தறியில் நெடுக்காக இழுத்துக் கட்டப்படும் நூல்கள்.
ஊடு: பாவினூடாகக் குறுக்கே செல்லும் நூல்.
வரி: ஊடு நூல் ஓர் ஓரத்திலிருந்து மற்ற ஓரத்துக்கு ஒருமுறை செல்லுதல். இப்பாடத்தில் இச்சொல்லை இப்பொருளிலேயே பயன்படுத்துவோம்.
நாடா: ஊடு நூலைச் சுற்றிச் செலுத்தும் கருவி. வீட்டுத் தறிக்குத் தடித்த மட்டையில் வெட்டிய தட்டை நாடா போதும்.
விழுது: குறித்த பாவு நூல்களை உயர்த்துவதற்காக அவற்றைச் சுற்றிக் கட்டப்படும் நூல் தடம்.
கரை: துணியின் இரு நெடுக்கு ஓரங்கள்.
பாவு அடர்த்தி: ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் உள்ள பாவு நூல்களின் எண்ணிக்கை.

3. இடத்தைத் தெரிவு செய்தல்

நெசவுக்கூடம் என்றதும் தனி அறை வேண்டும் என நினைக்க வேண்டாம். சட்டத்தறிக்கு ஒரு மேசையும் ஒரு கதிரையும் கொள்ளும் இடம் போதும். விறாந்தையின் ஒரு மூலையும் பொருந்தும். ஆனால் பின்வரும் நான்கையும் பார்க்க வேண்டும்.

(அ) வெளிச்சம்: பாவு நூலை எண்ணும் வேலை கண்ணுக்குச் சிரமம் தரும். வலக்கையால் வேலை செய்பவருக்கு வெளிச்சம் இடப்புறமிருந்து வந்தால் கையின் நிழல் நூலில் விழாது. நேர் வெயில் படும் இடம் கூடாது, சாயம் மங்கும்.

(ஆ) ஈரம்: மழைச் சாரல் படும் இடத்தில் நூலும் சட்டமும் ஈரத்தை உறிஞ்சும். பாவின் இழுவை மாறும், பூஞ்சணமும் பிடிக்கும்.

(இ) தூசும் பூச்சியும்: கஞ்சி போட்ட நூலைக் கரப்பான் பூச்சி அரிக்கும். நூலை மூடியுள்ள தகரப் பெட்டியிலோ பிளாத்திக்குப் பெட்டியிலோ வைக்க வேண்டும். அடுப்புப் புகை படும் இடத்தைத் தவிர்க்க வேண்டும்.

(ஈ) உட்காரும் நிலை: தறியின் வேலை நடக்கும் பகுதி முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். முதுகை வளைத்து நெய்தால் அரை மணித்தியாலத்திலேயே களைப்பு வரும். களைப்பு வந்தால் எண்ணிக்கை பிழைக்கும்.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் கத்தரிக்கோல், ஆணி, ஊசி ஆகியவற்றுக்குத் தனிப் பெட்டி வைத்து உயரத்தில் வைக்கவும்.

4. சட்டத்தறி செய்தல்

தேவையானவை: 2 அங்குல அகலமும் 1 அங்குலத் தடிப்பும் உள்ள மரச்சட்டம், மெல்லிய ஒரு அங்குல ஆணிகள், சுத்தியல், அரத்தாள், அடிமட்டம், பென்சில், மூலைமட்டம்.

படி 1. 55 ச.மீ. நீளமான இரண்டு சட்டங்களையும் 35 ச.மீ. நீளமான இரண்டு சட்டங்களையும் வெட்டி, நீளமானவற்றின் மேல் குறுகியவற்றை வைத்துச் செவ்வகமாகப் பூட்டவும். மூலைகள் செங்கோணமாக உள்ளனவா என்று மூலைமட்டத்தால் பார்க்கவும். சட்டம் சரிந்திருந்தால் துணியும் சரிந்தே வரும்.

படி 2. அரத்தாளால் தேய்க்கவும். சிலாம்பு இருந்தால் நூல் அதில் சிக்கும்.

படி 3. மேல் சட்டத்திலும் கீழ்ச் சட்டத்திலும் அரைச் சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளியாகக் குறிக்கவும். ஆணிகளை ஒரே கோட்டில் அடித்தால் மரம் வெடிக்கும். ஆகவே ஒன்றுவிட்டு ஒன்றாக, முன்வரிசையிலும் பின்வரிசையிலும் மாற்றி மாற்றி அடிக்கவும்.

படி 4. மேல் ஆணிகளுக்கும் கீழ் ஆணிகளுக்கும் இடைத்தூரம் 45 ச.மீ. ஆக இருக்கட்டும். ஆணிகளை வெளிப்பக்கமாகச் சற்றுச் சாய்த்து அடித்தால் நூல் வழுக்காது.

எத்தனை ஆணிகள்? நூல் மேல் ஆணியைச் சுற்றிக் கீழே வரும். கீழ் ஆணியைச் சுற்றி மேலே போகும். ஆகவே ஓர் ஆணிக்கு இரண்டு பாவு நூல். ஆணிகளின் இடைவெளி அரைச் சென்ரிமீற்றர். எனவே ஒரு சென்ரிமீற்றருக்கு நான்கு பாவு நூல் கிடைக்கும். இந்த நான்கு என்ற எண்ணை நினைவில் வையுங்கள். ஆணி அடித்த பிறகு இதை மாற்ற இயலாது.

5. நூலைத் தெரிவு செய்தல்

ஆணியை மாற்ற இயலாது. ஆகவே நெசவுக்கேற்ப நூலைத்தான் மாற்ற வேண்டும். எந்தத் தடிப்புள்ள நூல் வேண்டும் என்பதை ஓர் எளிய முறையால் அறியலாம்.

செயற்பாடு 1: நூலை அடிமட்டத்தில் 5 ச.மீ. தூரத்துக்கு, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் இடைவெளி விடாமலும் சுற்றவும். சுற்றுகளை எண்ணி 5 ஆல் பிரிக்கவும். இது ஒரு சென்ரிமீற்றருக்கான சுற்று எண்ணிக்கை.

இந்த எண்ணிக்கையிலிருந்து பாவு அடர்த்தியைப் பெறும் விதி:

வெற்று நெசவு: சுற்று எண்ணிக்கை × 1/2
இரண்டின்மேல் இரண்டின்கீழ்ச் சாய்வு நெசவு: சுற்று எண்ணிக்கை × 2/3

இவ்விதியை மனனஞ் செய்தால் மட்டும் போதாது. காரணத்தையும் அறிந்திருக்க வேண்டும். நான்கு பாவு நூல்களை எடுத்துக்கொள்வோம். வெற்று நெசவில் ஒவ்வொரு பாவு நூலைக் கடந்ததும் ஊடு நூல் மேலிருந்து கீழோ கீழிருந்து மேலோ செல்கிறது. அவ்வாறு செல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு நூலின் தடிப்பளவு இடம் வேண்டும். நான்கு பாவு, நான்கு கடத்தல். மொத்தம் எட்டு இடம். எட்டில் நான்கு என்பது 1/2. சாய்வு நெசவில் ஊடு நூல் இரண்டு பாவு நூலுக்கு ஒருமுறையே மேலும் கீழும் மாறுகிறது. நான்கு பாவு, இரண்டு கடத்தல். மொத்தம் ஆறு இடம். ஆறில் நான்கு என்பது 2/3.

நமது சட்டம் தரும் அடர்த்தி 4. ஆகவே,

வெற்று நெசவுக்கு: 4 ÷ 1/2 = 8 சுற்று நூல்
சாய்வு நெசவுக்கு: 4 ÷ 2/3 = 6 சுற்று நூல்

சாய்வு நெசவுக்கு வேண்டியது சற்றுத் தடித்த நூல் என்பது இதனால் விளங்கும். வெற்று நெசவுக்கு வாங்கிய மெல்லிய நூலாலேயே சாய்வு நெசவையும் நெய்தால் துணி வலை போலத் தளர்ந்துவிடும். நெய்தவர் தன் கையைப் பழிப்பார். பிழை கையில் இல்லை; நூலை எண்ணாமையில்தான் உள்ளது.

பருத்தி நூலையே தெரிவு செய்யுங்கள். அது அதிகம் இழுபடாது, தொடங்குவோருக்கு ஏற்றது.

6. நூலின் அளவைக் கணித்தல்

நெய்யப் போவது: 20 ச.மீ. அகலமும் 30 ச.மீ. நீளமும் உள்ள சிறு மேசை விரிப்பு, சாய்வு நெசவு.

பாவு நூல்களின் எண்ணிக்கை = 20 × 4 = 80
இரு கரைகளுக்கும் மேலதிகமாக ஒவ்வொன்று = 2
மொத்தம் = 82

இதற்கு மேலே 41 ஆணிகளும் கீழே 42 ஆணிகளும் தேவை. முதலாவதும் கடைசியுமான கீழ் ஆணிகளில் நூலின் இரு முனைகளும் முடியப்படும்.

பாவு நூலின் நீளம் = 82 × 45 ச.மீ. = 3690 ச.மீ. = 36.9 மீற்றர்
முடிச்சுக்கும் விரயத்துக்கும் 10% சேர்த்தால் ஏறத்தாழ 41 மீற்றர்

ஊடு நூல்: ஒரு சென்ரிமீற்றருக்கு 4 வரி. 30 ச.மீ. நீளத்துக்கு 120 வரி.
துணியின் அகலம் கரை நூலுடன் 20.5 ச.மீ. ஊடு நூல் நேர்கோட்டில் செல்லாமல் ஏறி இறங்கிச் செல்வதால் 10% கூட்டி, ஒரு வரிக்கு 22.5 ச.மீ. எனக் கொள்வோம்.
ஊடு நூலின் நீளம் = 120 × 22.5 = 2700 ச.மீ. = 27 மீற்றர்
10% விரயம் சேர்த்தால் ஏறத்தாழ 30 மீற்றர்

மொத்த நூல் = 41 + 30 = 71 மீற்றர்

விழுது கட்டுவதற்கு வேறொரு வழுவழுப்பான உறுதியான நூல் ஏறத்தாழ 12 மீற்றர் எடுத்து வைக்கவும். பாவுக்கு ஒரு நிறமும் ஊடுக்கு வேறு நிறமும் எடுத்தால் சாய்வுக்கோடு தெளிவாகத் தெரியும். பழகும்போது வெள்ளையும் கடும் நீலமும் நல்ல சேர்க்கை.

7. பாவு ஓட்டுதலும் விழுது கட்டுதலும்

மேல் ஆணிகளுக்குச் சற்றுக் கீழே, சட்டத்தின் மேல், ஒரு சென்ரிமீற்றர் தடிப்புள்ள தடியொன்றைக் குறுக்காக வைத்து அதன்மேலாகப் பாவை ஓட்டவும். நெய்துகொண்டு போகும்போது பாவு மேன்மேலும் இறுகும். அப்போது இத்தடியை உருவி எடுத்தால் இழுவை குறையும்.

எல்லா நூல்களும் ஒரே இழுவையில் இருக்க வேண்டும். உள்ளங்கையைப் பாவின் மேல் வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். எங்கேனும் தொய்வு தெரிந்தால் அந்த இடத்திலிருந்து திரும்ப இறுக்கி வாருங்கள். நெய்யத் தொடங்கிய பின் இதைத் திருத்த இயலாது.

இப்போது விழுது. நான்கு மெல்லிய கழிகளை எடுத்து 1, 2, 3, 4 என இலக்கமிடவும். இரு ஓரங்களிலுமுள்ள கரை நூல்களை விட்டுவிடவும். அவற்றுக்கு விழுது இல்லை. நடுவிலுள்ள 80 நூல்களையும் இடமிருந்து வலமாக 1, 2, 3, 4, 1, 2, 3, 4 என எண்ணவும். 1 என எண்ணிய நூல்களுக்கு முதலாம் கழியிலிருந்தும், 2 என எண்ணியவற்றுக்கு இரண்டாம் கழியிலிருந்தும் விழுது கட்டவும். மற்றையவையும் அவ்வாறே. ஒரு கழிக்கு 20 விழுதுகள் வர வேண்டும். 19 அல்லது 21 வந்தால் எங்கோ எண்ணிக்கை பிழைத்துள்ளது.

விழுதுகள் யாவும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். 5 ச.மீ. அகலமான மட்டைத் துண்டொன்றை அளவாக வைத்துக் கட்டினால் நீளம் மாறாது.

8. பழைய நெசவும் புதிய நெசவும்

கழிகள் இரண்டை ஒன்றாக உயர்த்தி, உண்டாகும் இடைவெளியில் அடிமட்டத்தைச் செலுத்தி நிமிர்த்தவும். நாடாவை அவ்விடைவெளியூடாக அனுப்பவும். அடிமட்டத்தை எடுத்த பின் பெரிய பல்லுள்ள சீப்பினால் அல்லது முள்ளுக்கரண்டியால் ஊடு நூலை நெருக்கவும். இது ஒரு வரி.

வெற்று நெசவு:
1 ஆம் வரி: கழிகள் 1, 3
2 ஆம் வரி: கழிகள் 2, 4
இவ்விரண்டும் மாறிமாறி வரும்.

சாய்வு நெசவு:
1 ஆம் வரி: கழிகள் 1, 2
2 ஆம் வரி: கழிகள் 2, 3
3 ஆம் வரி: கழிகள் 3, 4
4 ஆம் வரி: கழிகள் 4, 1
பின்னர் மீண்டும் முதலாம் வரி.

தறி அதே தறி. விழுதும் அதே விழுது. சோடி சேர்க்கும் ஒழுங்கு மட்டுமே மாறியுள்ளது. "புதிய நுட்பம் என்றால் புதிய கருவி வேண்டும்" என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

வரைபுத்தாளில் இதனைக் குறிக்கும் முறை (நிரப்பிய சதுரம் = பாவு மேலே; கீழிருந்து மேலாக வாசிக்கவும்):

4 ஆம் வரி ■□□■■□□■
3 ஆம் வரி □□■■□□■■
2 ஆம் வரி □■■□□■■□
1 ஆம் வரி ■■□□■■□□

ஒவ்வொரு வரியிலும் நிரப்பிய சதுரங்கள் ஒரு படி வலப்புறம் நகர்கின்றன. இந்த நகர்வே துணியில் சாய்வுக்கோடாகத் தெரிகிறது. ஒழுங்கைத் தலைகீழாக்கினால் (4-1, 3-4, 2-3, 1-2) கோடு மறுபுறம் சாயும். சில வரிகள் நேராகவும் சில வரிகள் தலைகீழாகவும் நெய்தால் வளைவளைவான கோலம் கிடைக்கும்.

செயற்பாடு 2: முதலில் 2 ச.மீ. வெற்று நெசவாக நெய்து தொடங்கவும். 6 சுற்று நூலில் அது விறைப்பாகவும் நெருக்கக் கடினமாகவும் இருக்கும். பின்பு சாய்வு நெசவுக்கு மாறவும். ஊடு நூல் இலகுவாக நெருங்குவதைக் கையாலேயே உணர்வீர்கள். 5 ஆம் பிரிவில் கணித்தது இதுவே.

கரை நூல்: சாய்வு நெசவில் ஓரத்திலுள்ள நூல் சில வரிகளில் ஊடுடன் பிணையாமல் விடுபடும். அதற்காகவே விழுதில்லாத இரு கரை நூல்களை வைத்தோம். நாடா உள்ளே போகும்போது கரை நூலின் மேலாகவும், மறு ஓரத்தில் வெளியே வரும்போது கரை நூலின் கீழாகவும் செல்ல வேண்டும். ஒவ்வொரு வரியிலும் இதையே செய்தால் கரை தவறாது.

எண்ணிக்கை தவறாதிருக்க: முதலாம் வரியை எப்போதும் இடப்புறமிருந்து தொடங்கவும். 1, 3 ஆம் வரிகள் இடமிருந்து வலமாகவும் 2, 4 ஆம் வரிகள் வலமிருந்து இடமாகவும் செல்லும். யாராவது அழைத்தால் நாலாம் வரியை முடித்துவிட்டே எழும்புங்கள். நாடா இடப்புறம் இருந்தால் அடுத்தது முதலாம் வரி. நாலு வரிக்கு ஒரு கோடாகக் கொப்பியில் இட்டு வந்தால் 120 வரிக்கு 30 கோடுகள்.

கடைசி சில சென்ரிமீற்றரில் கழிகளை உயர்த்த இடம் போதாது. அங்கே கழிகளை நீக்கிவிட்டு, முனை மழுங்கிய பெரிய ஊசியால் அதே ஒழுங்கில் நெய்து முடிக்கவும்.

வீட்டில் பாருங்கள்: நீலக் காற்சட்டைத் துணியான டெனிமும் சாய்வு நெசவே. ஆனால் அதில் பாவு மூன்று ஊடின் மேலாகவும் ஒன்றின் கீழாகவும் செல்கிறது. பாவு நீலச் சாயமிட்டது; ஊடு சாயமிடாதது. அதனால் வெளிப்புறம் நீலமாகவும் உட்புறம் வெளிறியும் தெரிகிறது. நாம் நெய்யும் இரண்டு-இரண்டு நெசவில் இரு புறமும் பாவும் ஊடும் சம அளவில் தெரியும்.

9. பிழைகளும் திருத்தங்களும்

துணி நடுவில் இடுப்புப் போல ஒடுங்குதல்.
காரணம்: ஊடு நூலை இழுத்து விடுதல். திருத்தம்: ஊடு நூலை வில் போல வளைத்து இட்டு, பின் நெருக்கவும். ஒவ்வொரு 5 ச.மீ. இலும் அகலத்தை அளக்கவும்.

சாய்வுக்கோடு செங்குத்தாக நிமிர்தல்.
காரணம்: ஒரு சென்ரிமீற்றருக்கு 4 வரிக்குக் குறைவு. திருத்தம்: இன்னும் நெருக்கவும்.

சாய்வுக்கோடு படுத்துவிடுதல்.
காரணம்: 4 வரிக்கு அதிகம். திருத்தம்: மெதுவாக நெருக்கவும். பாவும் ஊடும் சம அடர்த்தியில் இருந்தால் கோடு 45 பாகையில் அமையும்.

கோடு ஓரிடத்தில் முறிதல்.
காரணம்: சோடி ஒழுங்கு பிழைத்தல் அல்லது விழுது மாறிக் கட்டப்பட்டிருத்தல். கண்டறிதல்: ஒரு வரியில் மட்டும் முறிந்தால் ஒழுங்கு பிழை, அவ்வரி வரை பிரிக்கவும். நெடுக்கே ஒரே இடத்தில் தொடர்ந்து முறிந்தால் விழுது பிழை.

கடைசிப் பிழையில் "கண்டறிதல்" பகுதியை நன்கு விளங்கிக்கொள்ளுங்கள். காரணங்கள் இரண்டு இருக்கும்போது அவற்றை எவ்வாறு வேறுபடுத்துவது என எழுதும் விடையே முழுப் புள்ளியைப் பெறும்.

10. முடித்தலும் சுருக்கமும்

துணியை ஆணிகளிலிருந்து எடுத்துத் தடங்களை வெட்டவும். இரு ஓரங்களிலும் மும்மூன்று நூலாகவும், இடையில் நான்கு நான்காகவும் குஞ்சம் முடியவும். 3 + (19 × 4) + 3 = 82. ஒரு முனைக்கு 21 முடிச்சுகள். நூல் மிஞ்சினால் எங்கோ ஒரு நூலைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

பின்னர் இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரமிட்டு மெதுவாகக் கழுவி, நிழலில் விரித்துக் காயவிடவும். சற்று ஈரமாக இருக்கும்போதே அழுத்தவும். கழுவிய பின்னரே நூல்கள் தத்தம் இடத்தில் படிந்து துணி துணியாகும்.

கழுவும்போது துணி சுருங்கும். ஆகவே பெரிய துணியைத் தொடங்குமுன் 10 ச.மீ. அகலமான மாதிரித் துண்டொன்றை நெய்து கழுவி அளக்க வேண்டும்.

சுருக்க வீதம் = (முன் அகலம் − பின் அகலம்) ÷ முன் அகலம் × 100

உதாரணம்: 10 ச.மீ. அகலம் கழுவிய பின் 9.2 ச.மீ. ஆயிற்று. சுருக்கம் 8%. முடிவில் 20 ச.மீ. அகலம் வேண்டுமாயின் 20 ÷ 0.92 = 21.7 ச.மீ. அகலத்தில் பாவு ஓட்ட வேண்டும்.

மாதிரித் துண்டை வீசிவிட வேண்டாம். கொப்பியில் தைத்து, அதன் அருகே திகதி, நூல், சுற்று எண்ணிக்கை, அடர்த்தி, சோடி ஒழுங்கு, சுருக்கம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். இதுவே உங்கள் மாதிரிப் புத்தகம். செயன்முறை ஒப்படையுடன் இதையும் காட்டினால் நீங்கள் விளங்கிச் செய்தீர்கள் என்பதற்கு அதுவே சான்று.

11. செலவும் கூலியும்

வீட்டில் நெய்து விற்போர் பலர் நூல் வாங்கிய காசை மட்டும் செலவாக எழுதுகிறார்கள். மிகுதி எல்லாம் இலாபம் என நினைக்கிறார்கள். அது இலாபமன்று, அவர்களது உழைப்பு. பெரும்பாலும் அம்மாவின் அல்லது அக்காவின் உழைப்பு. அது எழுதப்படாததால் எவரும் அதைக் காண்பதில்லை.

நேரத்தை எண்ணும் முறை: 10 வரி நெய்ய எடுக்கும் நேரத்தை மணிக்கூட்டைப் பார்த்துக் குறிக்கவும். 15 நிமிடம் எனின் 120 வரிக்கு 180 நிமிடம், அதாவது 3 மணித்தியாலம். பாவு ஓட்ட 1, விழுது கட்ட 1 1/2, முடித்தலுக்கு 1/2 எனக் கொண்டால் மொத்தம் 6 மணித்தியாலம்.

உற்பத்திச் செலவு = நூற் செலவு + கருவிச் செலவில் பங்கு + (மணித்தியாலம் × மணிக் கூலி)

பயிற்சிக்காக நூல் ரூபா 350, சட்டம் செய்த செலவு ரூபா 1500, அதில் 10 துணிகள் நெய்யப்படும், மணிக் கூலி ரூபா 200 எனக் கொள்க.

உற்பத்திச் செலவு = 350 + (1500 ÷ 10) + (6 × 200) = 350 + 150 + 1200 = ரூபா 1700

இவை கணிப்புக்காக எடுத்த எண்கள். உங்கள் ஊர் விலைகளை இட்டு மீண்டும் செய்து பாருங்கள். இத்துணியை ரூபா 900 இற்கு விற்றால் நூலையும் சட்டத்தையும் பொறுத்தவரை ரூபா 400 மிஞ்சியது போலத் தோன்றும். உண்மையில் ரூபா 800 பெறுமதியான உழைப்பு இனாமாகப் போயிருக்கும். விற்பதா, நெய்யும் வேகத்தைக் கூட்டுவதா, வேறு பொருள் நெய்வதா என்ற தீர்மானத்தை எடுக்க முதலில் இந்த எண் கையில் இருக்க வேண்டும்.

12. மாதிரி வினாக்கள்

(1) ஒரு நூலின் சுற்று எண்ணிக்கை ஒரு சென்ரிமீற்றருக்கு 12. இரண்டு-இரண்டு சாய்வு நெசவுக்குப் பொருத்தமான பாவு அடர்த்தி யாது?
(1) 4 (2) 6 (3) 8 (4) 12

(2) சாய்வு நெசவில் 2, 3 ஆம் கழிகளை உயர்த்திய பின் அடுத்த வரிக்கு உயர்த்த வேண்டியவை எவை?
(1) 1, 2 (2) 1, 3 (3) 3, 4 (4) 4, 1

(3) மாணவி ஒருத்தி நெய்த துணியின் சாய்வுக்கோடு, ஒரு குறித்த பாவு நூலருகே அடியிலிருந்து நுனி வரை முறிந்துள்ளது. காரணம் யாது? எவ்வாறு அறிந்தீர்? (4 புள்ளி)

(4) 25 ச.மீ. அகலமும் 40 ச.மீ. நீளமும் உள்ள துணிக்கு, அடர்த்தி 4 எனின், கரை நூலுடன் பாவு நூல்களின் எண்ணிக்கையையும் வரிகளின் எண்ணிக்கையையும் காண்க. (4 புள்ளி)

(5) வீட்டில் நெசவுக்கு இடம் தெரிவு செய்யும்போது கருத்திற் கொள்ள வேண்டிய மூன்று விடயங்களைக் காரணத்துடன் எழுதுக. (6 புள்ளி)

விடைகள்:

(1) 3. அதாவது 12 × 2/3 = 8.

(2) 3.

(3) ஒரு நூலின் விழுது பிழையான கழியில் கட்டப்பட்டுள்ளது. ஒழுங்கு பிழைத்திருந்தால் முறிவு குறுக்கே ஒரு வரியில் மட்டும் வந்திருக்கும். இங்கே முறிவு நெடுக்கே தொடர்கிறது.

(4) பாவு: 25 × 4 + 2 = 102. வரி: 40 × 4 = 160.

(5) 3 ஆம் பிரிவைப் பார்க்கவும். "வெளிச்சம் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் பாதிப் புள்ளியே. "பாவு நூலைப் பிழையின்றி எண்ணுவதற்கு வெளிச்சம் வேண்டும்" என எழுதுக.

கணிப்பு வினாக்களில் படிகளைக் காட்டாமல் விடையை மட்டும் எழுத வேண்டாம். இறுதி எண் பிழைத்தாலும் முறைக்குப் புள்ளி உண்டு. அலகை எழுத மறவாதீர்கள். மீற்றரும் சென்ரிமீற்றரும் மாறினால் நூல் நூறு மடங்கு கூடும் அல்லது குறையும்.

அடுத்த பாடத்துக்கு வருமுன், 5 ச.மீ. அகலமான மட்டையில் 20 பாவு நூல் இட்டு, ஊசியால் 20 வரி சாய்வு நெசவு நெய்து வாருங்கள். எத்தனை நிமிடம் எடுத்தது என்பதையும் அதன் கீழே எழுதி வாருங்கள்.